எதிரும் புதிருமாக ஒரு மணி நேரம்

2020 ஜூலை 1, புதன்கிழமை இரவு எட்டு மணி. சிங்கப்பூரில் அன்று எந்தக் காப்பிக்கடையிலும் தொலைக்காட்சி ஓடக்கூடாது என்று விதி இருந்தது. கொவிட்-19 முடக்கத்திலிருந்து நாடு அப்போதுதான் இரண்டாம் கட்டத் தளர்வுக்கு வந்திருந்தது. மேசைக்கு ஐந்து பேர் வரை உட்கார்ந்து சாப்பிடலாம். பாட்டுப் போடக்கூடாது, தொலைக்காட்சி போடக்கூடாது. தேக்கா சந்தையிலும் பஃபலோ சாலையிலும் ஒரு தே தாரேயை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அரசியல் பேசுகிறவர்களுக்கு அந்த ஆண்டு போக்கிடமே இல்லை.

திடல்களில் பொதுக்கூட்டமும் கிடையாது. பொதுத்தேர்தல் வாக்களிப்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மக்கள் செயல் கட்சி (மசெக), பாட்டாளிக் கட்சி, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி, சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி என்று நான்கு கட்சிகள் நேருக்கு நேர் மோதிய நேரலை விவாதத்தை மக்கள் வீட்டுக் கூடத்திலும் கைப்பேசியிலும்தான் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் தட்டினார்கள். சிங்கப்பூரின் தேர்தல் வரலாற்றில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இவ்வளவு சுமையைத் தாங்கியது அரிது. அன்றிரவு பார்த்தவர்கள் எதற்கு மசிந்தார்கள், எதற்கு முகம் சுளித்தார்கள் என்பதை நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம். அதில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ஒரு குறையும் உண்டு. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

முதலில் யார் யார் வந்தார்கள் என்று பார்ப்போம். ஆளுங்கட்சியான மசெகவின் சார்பில் வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். கண் மருத்துவர், தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்தவர். ஜனநாயகக் கட்சியின் தலைமைச் செயலாளர் சீ சூன் ஜுவான். முன்னேற்றக் கட்சியிலிருந்து ஃபிரான்சிஸ் யுயென். பாட்டாளிக் கட்சி தன் தலைவர் பிரித்தம் சிங்கை அனுப்பவில்லை. பெரும்பாலானவர்கள் அதுவரை கேள்விப்பட்டிராத ஜேமஸ் லிம் என்ற பொருளியல் இணைப் பேராசிரியரை அனுப்பியது. அவர் போட்டியிட்டது செங்காங் என்ற புதிய குழுத்தொகுதியில்.

விவாதத்தின் சூடான கட்டம் மக்கள்தொகையைப் பற்றியது. ஜனநாயகக் கட்சியின் அந்த ஆண்டுப் பரப்புரை முழக்கம் நான்கு ‘ஆம்’, ஒரு ‘இல்லை’. அந்த ஒரே ‘இல்லை’, ஒரு கோடி மக்கள்தொகைக்கு எதிரானது. துணைப் பிரதமர் ஹெங் சுவீ கியட் 2019-ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கலந்துரையாடல் ஒன்றில் பேசியதை வைத்துக்கொண்டு, அரசாங்கம் அந்த எண்ணை மனத்தில் வைத்திருக்கிறது என்று சீ சூன் ஜுவான் சொல்லிவந்தார். விவியன் அதை நேருக்கு நேர் மறுத்தார். அது பொய் என்றார். ஒரு கோடி ஒருநாளும் வராது, 69 லட்சம்கூட வராது என்று பதிவுக்காகவே சொல்வதாக அழுத்திச் சொன்னார்.

69 லட்சம் என்பது சாதாரண எண் இல்லை. 2013 ஜனவரியில் வெளியான மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030-ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகை 65 முதல் 69 லட்சம் வரை போகலாம் என்று கணித்தது. அடுத்த மாதமே ஹொங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ரயில் நெரிசலையும் வீட்டு விலையையும் பார்த்து நொந்துபோயிருந்தவர்களுக்கு அந்த எண் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. ஏழு ஆண்டு கழித்து ஓர் அமைச்சர் அதே எண்ணை எடுத்து, அதுகூட வராது என்று நேரலையில் சொல்கிறார். இதைப் பொதுக்கூட்ட மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டலோடு போயிருக்கும். எதிராளி கண் முன்னால், கேமராவைப் பார்த்துச் சொன்னதால் அது வாக்குறுதி ஆகிவிட்டது. ஜனநாயகக் கட்சி அதைத் தன் வெற்றி என்றே கொண்டாடியது. மசெக ஆதரவாளர்கள் பொய் உடைந்தது என்றார்கள். இரு தரப்பும் ஒரே நிமிடத்தைக் காட்டி மார்தட்டிக்கொண்டன. வாக்காளருக்குக் கிடைத்தது தெளிவான ஒரு பதில். 2025-ல் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 61 லட்சத்தைத் தொட்டபோதும் அந்தப் பதிலை நினைவில் வைத்து ஒப்பிட முடிகிறது. விவாதம் ஒன்று தரக்கூடிய மிகப் பெரிய பயன் இதுதான்.

ஆனால் அன்றிரவு மக்கள் வாயில் உருண்டது இந்த எண் மட்டுமில்லை. ஜேமஸ் லிம் முடிவுரையில் சொன்ன ஒரு கருத்தும் பரவியது. மசெக ஆட்சி அமைக்கும் உரிமையைப் பெறத்தான் போகிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை; தொகை எழுதாத காசோலையை அதற்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம் என்றார் அவர். எதிராளியின் பலத்தை ஒப்புக்கொண்டு தொடங்கி, தன் கோரிக்கையைச் சின்னதாக்கி வைத்த பேச்சு. குரல் உயரவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றி விவியன் கிடுக்கிப்பிடி போட்டபோதும் அவர் பாடம் நடத்துகிறவரின் நிதானத்தோடு பதில் சொன்னார். சில மணி நேரத்தில் அவருடைய சமூக ஊடகப் பக்கங்களுக்குக் கூட்டம் குவிந்தது. அதே பரப்புரையின்போது, மக்கள் தந்த வரவேற்பு மனத்தைக் குளிர்வித்தது என்று சொல்ல அவர் பயன்படுத்திய பழைய ஆங்கிலச் சொற்றொடரில் சிப்பி என்ற சொல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் சிப்பி படம் போட்ட சட்டைகள் வரை அடித்துவிட்டார்கள்.

தமிழ் வீடுகளில் பேச்சு வேறு தினுசாகவும் ஓடும். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களோடு தேர்தல் நேரத்தில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு இந்த வாக்கியங்கள் பழக்கமானவை. “பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா டவுன் கவுன்சில யார் பார்ப்பா?” என்று மூத்தவர் ஒருவர் கேட்பார். லிஃப்ட் பழுது, கூரை ஒழுகல், மேம்பாட்டுத் திட்டம் எல்லாம் அவருக்கு வாக்குச்சீட்டோடு சேர்ந்தவை. “பாலகிருஷ்ணன் சொல்றதுல விஷயம் இருக்கு, அந்த எகிறுற தோரணைதான் வேணாம்” என்பார் இன்னொருவர். “மாமா, அவர் ஒரு தடவைகூடக் கத்தலை, கவனிச்சீங்களா?” என்று முதல்முறை வாக்களிக்கும் பிள்ளை ஜேமஸுக்காகப் பரிந்து பேசும். இந்த மூன்று பேச்சிலும் கொள்கை கொஞ்சம்தான். எதிரே நிற்பவரை எப்படி நடத்தினார் என்பதைப் பற்றிய தீர்ப்பு நிறைய.

அந்தத் தீர்ப்பை மேம்போக்கானது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தோற்றத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள், கொள்கையைப் படிக்க வேண்டாமா என்பார்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியை யோசித்துப் பாருங்கள். அதிகாரத்தில் இருக்கிறவர் தன்னை எதிர்ப்பவரிடம் நடந்துகொள்ளும் விதம், நாளை மனுவோடு வரும் சாதாரண ஆளிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு நல்ல அடையாளம். கொள்கை அறிக்கையில் அந்தப் பக்கம் இருக்காது. திரையில் மட்டும்தான் தெரியும்.

சிங்கப்பூர் வாக்காளர்கள் இந்தக் கண்ணோடு பார்ப்பது புதிதல்ல. 1984 பொதுத்தேர்தலில் போத்தோங் பாசிரில் எதிர்க்கட்சி வழக்கறிஞர் சியாம் சீ தோங்கும் மசெகவின் மா போ டானும் மோதினார்கள். பிரதமர் லீ குவான் இயூ இருவருடைய சாதாரண நிலைத் தேர்வு மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பேசினார்; மா போ டான் எவ்வளவு கெட்டிக்காரர் என்று காட்டுவது நோக்கம். போத்தோங் பாசிர் மக்கள் சியாமுக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தார்கள். அவர் 2011 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். அந்த ஒப்பீடு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பள்ளி மதிப்பெண்ணை வைத்து ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தியது பிடிக்கவில்லை என்ற பேச்சு நாற்பது ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது.

இதன் மறுபக்கமும் ஒருமுறை திரையில் தெரிந்தது. 2006 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், அன்று மதியுரை அமைச்சராக இருந்த லீ குவான் இயூ இளம் செய்தியாளர்கள் சிலரோடு தொலைக்காட்சியில் உட்கார்ந்தார். அவருக்கு வயது 82. ஏன் என் வாக்கு முக்கியம் என்ற பொருளில் அமைந்த நிகழ்ச்சி அது. இளைஞர்கள் தயங்கவில்லை. மக்களிடம் அச்சம் இருப்பதைப் பற்றிக் கேட்டார்கள், போட்டியில்லாத தொகுதிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஒளிபரப்பானதும் நாடு இரண்டாகப் பிரிந்தது. நாட்டைக் கட்டிய பெரியவரிடம் இந்தப் பிள்ளைகள் மரியாதையில்லாமல் பேசுகிறார்களே என்று கொதித்தவர்கள் பலர். இப்படிக் கேட்டால்தான் கேள்வி என்று மகிழ்ந்தவர்களும் பலர். ஒரே காட்சியில் ஒருவருக்குத் துடுக்கு தெரிந்தது, மற்றவருக்குத் துணிச்சல் தெரிந்தது. பெரியவர்களைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காத தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையாக இருக்கும். தாத்தாவிடம் இப்படிப் பேசுவாயா என்ற கேள்வி அங்கே உடனே வந்துவிடும். ஆனால் லீ அந்தக் கேள்விகளுக்கு எழுந்து போகவில்லை, உட்கார்ந்து வாதாடினார். அந்த ஒரு காரணத்துக்காகவே அது மதிக்கத்தக்க ஒளிபரப்பு.

2017-ல் பிபிசியின் ஸ்டீபன் சாக்கர், பிரதமர் லீ சியன் லூங்கைப் பேட்டி கண்டபோதும் இதே பிளவு வந்தது. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி அவர் அழுத்திக் கேட்டார். உங்கள் நாட்டுப் பத்திரிகைகளை எப்படி நடத்துவது என்று நான் சொல்லத் துணியமாட்டேன், என் நாட்டை எப்படி நடத்துவது என்று நீங்கள் ஏன் சொல்ல வேண்டும் என்ற பொருளில் லீ திருப்பிக் கேட்டார். நம் பிரதமர் வெளுத்து வாங்கினார் என்று ஒரு தரப்பு கைதட்டியது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பு சொன்னதுதான் சரி. வெளிநாட்டவர் கேட்டார் என்பதால் கேள்வி செல்லாக்காசு ஆகிவிடாது.

பார்வையாளர்களின் ஆரவாரம் அப்படியே வாக்காக மாறும் என்று நம்புவதும் ஆபத்து. பிரிட்டனில் 2010 ஏப்ரல் 15 அன்று முதல்முறையாகக் கட்சித் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் கேமராவைப் பார்த்து இயல்பாகப் பேசினார். மற்ற இரு தலைவர்களும் நிக் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவரை உயர்த்திவிட்டார்கள். கருத்துக்கணிப்புகளில் அவர் கட்சி எகிறியது. தேர்தல் முடிவில் அது முந்தைய தேர்தலைவிட ஐந்து இடம் குறைந்து 57-ல் நின்றது.

சிங்கப்பூரில் கதை வேறு மாதிரி முடிந்தது, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. 2020 ஜூலை 10 அன்று செங்காங்கில் பாட்டாளிக் கட்சி 52.12 விழுக்காடு பெற்று வென்றது. தொழிற்சங்கத் தலைவரும் அமைச்சருமான இங் சீ மெங் தலைமையிலான மசெக அணி தோற்றது. விவியன் நின்ற ஹாலந்து - புக்கிட் தீமாவில் மசெக 66 விழுக்காட்டுக்கு மேல் பெற்றது. எகிறும் தோரணை வேண்டாம் என்றவர்களில் பலர் அவருக்கே வாக்களித்திருப்பார்கள். சீ சூன் ஜுவான் புக்கிட் பாத்தோக்கில் 45 விழுக்காடு வாங்கித் தோற்றார். நாடு முழுவதும் மசெகவுக்கு 61.24 விழுக்காடு. செங்காங் வெற்றிக்கு இளம் குடும்பங்கள் நிறைந்த புதிய நகரம், கட்சியின் நான்கு பேர் அணி, அந்த அணியில் இருந்த ரயீசா கான் மீதான காவல்துறைப் புகார்களைச் சுற்றி எழுந்த அனுதாபம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஒரு மணி நேர விவாதம் அதில் ஒரு பங்கு. எவ்வளவு பங்கு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் ஜேமஸ் லிம் அந்த ஒரு மணி நேரத்தில் பெற்ற அறிமுகத்தை வீடு வீடாக நடந்து பெற ஓர் ஆண்டு ஆகியிருக்கும். 2025 மே 3 அன்று நடந்த தேர்தலில் மசெகவின் வாக்கு விழுக்காடு 65.57-க்கு ஏறியபோதும், செங்காங் பாட்டாளிக் கட்சியை 56 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்துத் திரும்ப அனுப்பியது.

சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்னோர் அரசியலையும் திரையில் பார்க்கிறவர்கள். கட்டணச் சேனல்கள் வழியே சன் தொலைக்காட்சியும் மற்றவையும் இங்கே பல வீடுகளில் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2010-ல் கேப்டன் என்று கட்சிக்கு ஒரு சேனலாகப் பிறந்தன. ஒவ்வொரு தலைவரும் தன் சேனலில் தன் ஆளிடம் பேசினார். கருணாநிதியும் ஜெயலலிதாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதை எந்தத் தமிழரும் திரையில் பார்த்ததில்லை. ஜெயலலிதா 2004-ல் செய்தியாளர் கரண் தாப்பருக்குக் கொடுத்த பேட்டியில், உங்களோடு பேசியதில் மகிழ்ச்சியில்லை என்று சொல்லி வணக்கம் வைத்துக் கிளம்பியதை இன்றைக்கும் பகிர்கிறார்கள். அவரை ரசித்தவர்கள் அதை இரும்புத்தனம் என்கிறார்கள், மற்றவர்கள் பதில் சொல்லாத அகம்பாவம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் மாலை நேர விவாத மேடைகள் ஏராளம். அங்கே வருகிறவர்கள் பேச்சாளர்கள். முடிவெடுக்கும் தலைவர்கள் எதிரெதிரே உட்காருவதில்லை.

பக்கத்து மலேசியாவில் அது நடந்திருக்கிறது. 2008 ஜூலை 15 அன்று எண்ணெய் விலையைப் பற்றி அன்வார் இப்ராஹிமும் தகவல் அமைச்சர் அகமது ஷபரி சிக்கும் நேரலையில் வாதாடினார்கள். 2022 மே 12 அன்று அன்வாரும் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கும் மோதினார்கள். ஜோகூர் பாலத்துக்கு இந்தப்புறம் இருந்த தமிழர்களும் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். 2020 ஜூலை 1 இரவு விவாதம் ஆங்கிலத்தில் நடந்தது, பிறகு மாண்டரினில் நடந்தது. தமிழில் நடக்கவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், வாக்குச்சாவடி அறிவிப்பு தமிழில் இருக்கும். அந்தத் தேர்தலில் தமிழ்ப் பார்வையாளருக்குத் தன் மொழியில் கிடைத்தது கட்சி அரசியல் ஒளிபரப்பு. ஆறு வேட்பாளர்களையாவது நிறுத்தும் கட்சிக்கு அந்த வாய்ப்பு உண்டு. வேட்பாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிமிடங்கள் பிரித்துத் தரப்படும். முதல் ஒளிபரப்பு ஜூலை 2, இரண்டாவது பிரசார ஓய்வு நாளான ஜூலை 9. ஒவ்வொரு கட்சியின் பிரதிநிதியும் எழுதிய உரையை வாசிப்பார். குறுக்கே கேட்க ஆளில்லை. அந்தக் கட்சி சொன்னதை இந்தக் கட்சி மறுக்க இடமில்லை. தொகுதி ஒளிபரப்புகளிலும் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்தான். குழுத்தொகுதி அணியில் ஒருவர் சில வரிகளைத் தமிழில் சொன்னால் உண்டு.

எழுதிய தமிழை வாசிப்பதைக் கேட்பவர்களின் எதிர்வினை எப்படி இருக்கும் என்பது தமிழ்ச் சமூகத்தில் எல்லாருக்கும் தெரியும். உச்சரிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். ழகரம் வந்ததா, ளகரம் வந்ததா, எங்கே திணறினார் என்று பேச்சு அதிலேயே நின்றுவிடும். திணறியவர்மேல் பரிவு காட்டுவார்கள், சரளமாக வாசித்தவரைப் பாராட்டுவார்கள். என்ன சொன்னார் என்பது பின்னுக்குப் போய்விடும். இதில் பார்வையாளர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மறுப்பும் கேள்வியும் இல்லாத உரையில் கவனிக்க வேறு என்ன இருக்கிறது? ஒரு கோடி மக்கள்தொகை என்ற பேச்சைத் தமிழில் ஒருவர் கிளப்பி, இன்னொருவர் தமிழிலேயே மறுத்திருந்தால், தேக்காவில் காய்கறி வாங்க வரும் அம்மாக்கள் ழகரத்தைப் பற்றியா பேசியிருப்பார்கள்?

தமிழ் விவாதம் கேட்பவர்கள் குறைவு என்ற பதில் வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைச் சொன்ன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2.5 விழுக்காடு. இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். எண்கள் உண்மை. இதே எண்களைக் காட்டித்தான் தமிழ் விவாதம் வேண்டும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களில் ஆங்கில விவாதத்தை முழுக்கப் பின்தொடர முடியாத முதியவர்கள் பலர். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால்தான் அவர்களுக்கு விவாதம் சேரும். அந்தப் பேரனுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருடைய வாதம் கொஞ்சம் கூடுதல் மெருகோடுதான் சேரும். வாக்களிப்பு கட்டாயமான நாட்டில் அவர்களும் வாக்குச்சீட்டில் கையால் குறி போடுகிறார்கள். தன் கண்ணால் பார்த்து, தன் காதால் கேட்டு முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கும் இருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே மறக்க முடியாது. அந்த விவாதம் நடந்த நாளில் சிங்கப்பூரில் கொவிட்-19 தொற்றியோர் எண்ணிக்கை 44,000-ஐத் தாண்டியிருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் விடுதிகளில் தங்கிய வெளிநாட்டு ஊழியர்கள். விடுதிகளில் இருந்தோர் மூன்று லட்சத்துக்கு மேல். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையை நிறைத்தவர்கள் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர்கள் வாழ்க்கை தேர்தல் பேச்சில் அடிபட்டது. அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் கைப்பேசி இருந்தது, தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்ற கவலை இருந்தது. விடுதியைப் பற்றி ஒரு நெறியாளர் தமிழில் கேட்டு, இரண்டு கட்சிக்காரர்கள் தமிழில் பதில் சொல்லியிருந்தால் அதை அவர்கள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார்கள்!

ஆள் கிடைக்காது என்பதும் சரியான காரணமில்லை. அந்தத் தேர்தலில் மசெகவின் முரளி பிள்ளை, முன்னேற்றக் கட்சியின் எஸ். நல்லகருப்பன், மக்கள் குரல் கட்சியின் விக்னேஸ்வரி ராமச்சந்திரன், ரெட் டாட் யுனைடெட் கட்சியின் ரவி ஃபிலமோன் என்று பல கட்சிகளிலும் இந்திய வம்சாவளி வேட்பாளர்கள் இருந்தார்கள். 1981-ல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தின் ஒரே எதிர்க்கட்சி உறுப்பினராக உட்கார்ந்த ஜே.பி. ஜெயரத்னமே யாழ்ப்பாணத் தமிழர். இன்று அதிபராக இருக்கும் தர்மன் சண்முகரத்னம் 2011-ல் எதிர்க்கட்சியினரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் வாதாடியவர். அந்த விவாதத்தில் அவர் குரலை உயர்த்தாமல், எதிர்த்தரப்பு சொன்னதை முதலில் கேட்டுவிட்டுப் பதில் சொன்னதைப் பல தமிழ்க் குடும்பங்கள் பெருமையோடு நினைவுகூர்கின்றன. அந்தப் பண்பை ஆங்கிலத்தில் மட்டும் பார்க்கக் கிடைப்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இழப்புதான். தமிழில் நாகரிகமாகக் கருத்து மோதலாம் என்பதற்கு அவர்கள் பார்ப்பது பட்டிமன்றத்தையும் தமிழ்நாட்டுச் சேனல் கூச்சலையும்தான்.

தமிழ் விவாதத்துக்கு ஒரு மணி நேரம் போதும். வசந்தம் ஒளிவழியில் இரவு எட்டு மணிக்கு ஒளிபரப்பாகட்டும், ஒலி 96.8-லும் போகட்டும், டாக்சியும் லாரியும் ஓட்டுகிறவர்களுக்கு வானொலிதான் வசதி. எழுதிய உரை வேண்டாம். நெறியாளர் குறுக்கே கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். தமிழில் ஆங்கிலம் கலந்தால் கலக்கட்டும். மத்திய சேமநிதியையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டையும் பற்றி இங்கே யாரும் தூய தமிழில் பேசுவதில்லை. கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. பொருள் சேவை வரி 2023-ல் 8 விழுக்காடு ஆனது, 2024-ல் 9 ஆனது. அதைச் சமாளிக்கத் தந்த பற்றுச்சீட்டுகள் ஓய்வுபெற்ற தம்பதிக்கு எத்தனை மாதம் ஓடுகின்றன? லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் பூக்கட்டுகிறவரும் மசாலா அரைக்கிறவரும் வாடகை கொடுத்து நிற்க முடியுமா? தமிழாசிரியர்களின் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? விடுதி ஊழியருக்கு ஓர் அறையில் எத்தனை பேர் என்பதை அடுத்த ஆட்சி எவ்வளவு குறைக்கும்? இவற்றுக்கு ஆளுங்கட்சிக்காரர் ஒன்று சொல்ல, எதிர்க்கட்சிக்காரர் அதை மறுக்க, ஆளுங்கட்சிக்காரர் தன் எண்ணைக் காட்டித் திரும்ப வாதாட வேண்டும். அதற்குக் கட்சிகள் இப்போதிருந்தே தமிழில் பதில் சொல்லக்கூடிய ஆளைத் தேடிப் பழக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு தேடினால் வாசிக்கத்தான் ஆள் கிடைக்கும்.